‘கவுன்ட்டவுன் நின்றிருந்தது’ என்று எழுதலாமா?

மணற்கடிகை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாத இதழுக்காக ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க விண்ணோடங்கள் பறந்த காலத்தில் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்துக்குச் சென்றுவந்த ஒருவரின் நினைவுகள் அவை. கவுன்ட்டவுன் ஒன்பது நிமிடத்தில் நின்றிருந்ததாகவும், அந்த நேரத்தில் கூட இருந்தவர்கள் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்ததாகவும் ஓர் இடத்தில் சொல்கிறார். நானும் “கவுன்ட்டவுன் ஒன்பது நிமிடத்தில் நின்றிருந்தது” என்றே எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் அதை அடித்துவிட்டு, “ஏவுதலுக்கு ஒன்பது நிமிடங்களே எஞ்சியிருந்தன” என்று மாற்றிவிட்டார். கவுன்ட்டவுன் என்றாலே ஓடிக்கொண்டிருப்பது, நின்றுபோனால் அதற்கு அந்தப் பெயரே பொருந்தாது என்பது அவர் தந்த விளக்கம். இந்தத் திருத்தத்தோடு அச்சானால், அத்தனை பேரும் ஒன்பது நிமிடத்துக்குள் சாப்பிட்டுத் திரும்பியதாகப் படிப்பவர் நினைப்பார்.

அவர் கவனக்குறைவானவர் அல்லர். நல்ல ஆங்கில வாசகர். அதனால்தான் இது என்னை யோசிக்க வைத்தது. கடந்த ஒரு வாரமாக அன்றாட ஆங்கிலத்தில் இந்தச் சொல் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டே வருகிறேன். தேர்தலுக்கான கவுன்ட்டவுன், கிறிஸ்துமஸுக்கான கவுன்ட்டவுன், ஒரு நிறுவனம் திவாலாவதற்கான கவுன்ட்டவுன், தள்ளுபடி முடிவதற்கான கவுன்ட்டவுன் என்று ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்றுகூட நடுவில் நிற்கவில்லை. ஆக, விண்வெளித் துறையில் இயல்பாக நிற்கக்கூடிய ஒன்று, பொதுமொழிக்கு வந்தபோது நிற்கவே முடியாததாக மாறிவிட்டது என்று தோன்றுகிறது. இது சரிதானா, சரியென்றால் ஏன் அப்படி ஆனது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏவுதள நோக்கர்:

நண்பரே, உங்கள் மொழிபெயர்ப்பு சரி, திருத்தம் தவறு. விண்ணோடத்தின் கவுன்ட்டவுனில் ஒன்பதாவது நிமிடம் என்பது முன்கூட்டியே திட்டமிட்டு நிறுத்தப்படும் இடம்.

ஏவுதளத்தில் கவுன்ட்டவுன் என்பது முதன்மையாகக் கடிகாரம் அன்று. அது ஒரு வேலைப்பட்டியல். எரிபொருள் நிரப்புவது, மின்கலங்களைச் சரிபார்ப்பது, வீரர்களை இருக்கையில் அமர்த்துவது, கதவடைப்பது என ஒவ்வொரு வேலையும் எந்த வரிசையில், ஏவுதலுக்கு எவ்வளவு நேரம் முன்பாக முடிய வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். கடிகாரம் அந்தப் பட்டியலோடு சேர்ந்து நகரும். பட்டியல் நின்றால் கடிகாரமும் நிற்க வேண்டும். வேலை பிந்திவிட்டால் ஈடுகட்டுவதற்காகவே நடுநடுவே நிறுத்தங்களை முன்னதாகவே அமைத்துவிடுவார்கள். விண்ணோடத்தின் கவுன்ட்டவுன் 43 மணி நேரத்தில் தொடங்கும். ஆனால் அது தொடங்குவது ஏவுதலுக்கு ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு முன்பு. மூன்று நாட்களுக்கு 72 மணி நேரம் அல்லவா? இடைப்பட்ட அந்த நேரமெல்லாம் நிறுத்தங்களுக்கு உரியது.

இதனால் அங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ‘டி-மைனஸ்’ என்பது நிறுத்தங்களைச் சேர்க்காத கணக்கு. ‘எல்-மைனஸ்’ என்பது நிறுத்தங்களையும் சேர்த்து, நம் கைக்கடிகாரப்படி ஏவுதலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லும் கணக்கு. உங்கள் கட்டுரையாளர் சாப்பிடப் போனபோது டி-மைனஸ் ஒன்பது நிமிடத்தில் அசையாமல் நின்றிருக்கும்; எல்-மைனஸ் மட்டும் குறைந்துகொண்டிருந்திருக்கும். அந்த நிறுத்தம் பெரும்பாலும் முக்கால் மணி நேரம் நீடிக்கும். சாப்பிட்டுத் திரும்ப அது போதுமானது.

ஒன்பதாவது நிமிடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு தரையிலுள்ள கணினிகள் வரிசையைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும். 31ஆவது விநாடியில் ஓடத்தின் சொந்தக் கணினிகளிடம் பொறுப்பு போகும். 6.6 விநாடி இருக்கும்போது முதன்மை எஞ்சின்கள் பற்றத் தொடங்கும். பூஜ்யத்தில் பக்கவாட்டுத் திட எரிபொருள் ராக்கெட்டுகள் பற்றும். அவற்றைப் பற்றவைத்துவிட்டால் அணைக்க முடியாது. எனவே மனிதர்கள் ஆற அமர யோசித்து, ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரையும் பெயர் சொல்லி அழைத்து, ‘போகலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்ற விடையைப் பெறுவதற்கு ஒன்பதாவது நிமிடம்தான் நல்ல இடம்.

எஞ்சின் எரிந்த பிறகும் நின்ற கதைகள் உண்டு. 1994 ஆகஸ்ட் 18 அன்று எண்டெவர் விண்ணோடத்தின் மூன்று முதன்மை எஞ்சின்களும் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, 1.9 விநாடி மீதமிருக்கையில் கணினி அவற்றை அணைத்தது. வீரர்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். அந்த ஓடம் செப்டம்பர் 30 அன்று பறந்தது. இரண்டு விநாடிகூட இல்லாத நிலையில் நின்றதையும் அங்கே கவுன்ட்டவுன் என்றுதான் சொன்னார்கள்.

வகுப்பறை:

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இலக்கணம் பற்றிச் சில சொல்கிறேன். மாணவர்கள் இந்தச் சொல்லில் தொடர்ந்து தடுமாறுவார்கள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘கவுன்ட்டவுன்’ ஒரே சொல். வினையாக வரும்போது ‘கவுன்ட்’, ‘டவுன்’ என்று இரண்டு சொற்கள். வினைக்குச் செயப்படுபொருளாக நாட்களையோ மணிகளையோ வைக்கலாம். அப்போது ஆவலோடு ஒன்றை எதிர்பார்த்து நாட்களைக் கழித்துக்கொண்டே வருவது என்று பொருள்படும். பெயர்ச்சொல்லோடு வரும் முன்னிடைச்சொல் ‘டு’. அதாவது அந்தக் கவுன்ட்டவுன் ஏதோ ஒன்றை நோக்கியது. பரீட்சைக்கான, திருமணத்துக்கான, போருக்கான என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வதற்கு இது சரியாகப் பொருந்துகிறது. விண்வெளித் துறையில் அந்த ‘டு’ இல்லாமலேயே இந்தச் சொல் தனித்து நிற்கும் என்பதைக் கவனியுங்கள். கவுன்ட்டவுன் தொடங்கியது, நின்றது, மீண்டும் தொடங்கியது என்பார்கள். எதை நோக்கி என்று யாரும் கேட்க மாட்டார்கள். பொதுமொழியில்தான் இலக்கைச் சொல்லாமல் வாக்கியம் முடிவதில்லை. இலக்கைச் சொல்லிவிட்டால் அது நடந்தே தீரும் என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. மணற்கடிகையின் கேள்விக்கு இலக்கணம் தரும் விடையாக இதைக் கருதுகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். குத்துச்சண்டையில் விழுந்தவரைப் பார்த்து நடுவர் எண்ணுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது ஒன்றிலிருந்து பத்துவரை ஏறும் எண்ணிக்கை. விழுந்து கிடப்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரிலும் ‘டவுன்’, ‘கவுன்ட்’ என்ற இரண்டு சொற்களும் இருப்பதால், என் மாணவர் ஒருவர் வீழ்ந்துபோன அரசனுக்குக் ‘கவுன்ட்டவுன்’ வந்துவிட்டதாக விடைத்தாளில் எழுதியிருந்தார். மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அரசனின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று தமிழில் நினைத்துத்தான் அந்தப் பிள்ளை அதை எழுதியிருக்க வேண்டும்.

நாட்குறிப்பு:

சொல்லின் பிறப்பையும் பார்த்துவிடுவது நல்லது. தலைகீழாக எண்ணி ராக்கெட்டை ஏவும் காட்சியைப் பலரும் முதலில் கண்டது திரையில்தான். ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1929 அக்டோபரில் பெர்லினில் வெளியான ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மன் மௌனப்படம் அது. ராக்கெட் அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஹெர்மன் ஓபெர்ட் அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என ஏறுமுகமாக எண்ணினால் எந்த எண்ணில் ராக்கெட் கிளம்பும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது; பத்திலிருந்து இறங்கினால் பூஜ்யத்தில் கிளம்பும் என்று எல்லாருக்கும் தெரியும் என்று லாங் பின்னாளில் காரணம் சொன்னார். அதாவது படத்தில் அது பார்வையாளரின் பதற்றத்துக்காக வைக்கப்பட்டது. மௌனப்படம் ஆதலால் எண்கள் ஒலிக்கவில்லை; எழுத்தாகத் திரையில் வந்தன.

அந்தப் படத்தை ஜெர்மானிய ராக்கெட் பொறியாளர்கள் மறக்கவில்லை. 1942 அக்டோபர் 3 அன்று முதன்முதலாக வெற்றிகரமாகப் பறந்த ஏ-4 ராக்கெட்டின் உடலில் அந்தப் படத்தின் சின்னம் வரையப்பட்டிருந்தது. பின்னாளில் வி-2 என்று பெயர் பெற்று லண்டன் மீதும் ஆண்ட்வெர்ப் மீதும் விழுந்தது அதே ராக்கெட்தான்.

அமெரிக்காவில் 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையில், சாமுவேல் அலிசன் என்ற இயற்பியலாளர் ஒலிபெருக்கியில் நேரத்தை இறங்குமுகமாக எண்ணினார். பெயர்ச்சொல்லாகக் ‘கவுன்ட்டவுன்’ ஆங்கில அகராதிகளில் இடம் பெறுவது 1950களின் தொடக்கத்துப் பயன்பாடுகளைக் கொண்டுதான். அணுகுண்டுச் சோதனைகளும் ஏவுகணைச் சோதனைகளும் மும்முரமாக நடந்த காலம் அது.

இன்னொன்று. இந்த முறை எல்லா நாட்டு ஏவுதளங்களுக்கும் பொதுவானதன்று. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பைகோனூரிலிருந்து கிளம்பியபோது பத்து, ஒன்பது, எட்டு என்று யாரும் உரக்க எண்ணவில்லை. சோவியத் முறையில் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தொடக்கச் சாவியைத் திருப்பு என்பது அவற்றுள் ஒன்று. எஞ்சின் பற்றுவது, பூர்வாங்க நிலை, இடைநிலை, முதன்மை நிலை, எழும்புதல் என்று படிப்படியாக அறிவிப்பார்கள். அதனால் ரஷ்ய மொழியில் ககாரினின் பயணம் மக்கள் நாவில் விட்டுச் சென்றது எண்களை அன்று. ‘கிளம்பிவிட்டோம்’ என்று அவர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லைத்தான்.

எனவே மணற்கடிகை சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும். நிற்கக்கூடிய கவுன்ட்டவுன் முதலில் இருந்து, பிறகு பொதுமக்கள் அதை நிற்காததாக மாற்றினார்கள் என்பது முழு உண்மையன்று. 1929இல் மக்கள் பார்த்ததே நிற்காத வடிவத்தைத்தான். பொறியாளர்கள்தான் பின்னால் அதற்குள் நிறுத்தங்களைச் சேர்த்தார்கள்.

மணற்கடிகை:

ஐயா, இது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. மிக்க நன்றி. பொருள் ஒரு திசையில் மட்டும் பயணப்பட்டது என்று நான் எண்ணியது தவறு. திரையிலிருந்து ஏவுதளத்துக்கும், ஏவுதளத்திலிருந்து தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கும் அது போயிருக்கிறது. ஆயினும் வீட்டுக்கு வந்தபோது ஏவுதளம் சேர்த்த பகுதி மட்டும் உதிர்ந்துவிட்டது என்ற என் எண்ணம் இன்னும் மாறவில்லை. 1961 மே 5 அன்று, விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகக் குறுகிய கலத்துக்குள் மல்லாந்து படுத்துக் காத்திருந்தார். மேகம் கலைவதற்காகவும் மின்கருவி ஒன்றை மாற்றுவதற்காகவும் கவுன்ட்டவுனை நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்தார்கள். கடைசியில் பொறுமையிழந்து, உங்கள் சின்னச் சிக்கலைச் சரிசெய்துவிட்டு இந்த மெழுகுவத்தியை ஏற்றுங்கள் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. அதையெல்லாம் அமெரிக்கா முழுதும் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நிறுத்தங்களைக் கண்டவர்களின் மொழியிலும் கடைசிப் பத்து விநாடி மட்டுமே எப்படித் தங்கியது?

ஏவுதள நோக்கர்:

கடைசிப் பத்து விநாடிதான் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. மற்றவை எல்லாம் கட்டுப்பாட்டு அறைப் பேச்சு. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதோடு இன்னொரு வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏவுதளத்தில் பூஜ்யம் முடிவன்று. பூஜ்யத்தைத் தொட்டவுடன் கடிகாரம் திரும்பி ஏறத் தொடங்கும். அது பயணம் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம். வீரர்கள் அதை வைத்துத்தான் விண்வெளியில் வேலை செய்வார்கள். பொதுமொழியில் பூஜ்யத்துக்கு அப்பால் எதுவும் கிடையாது. தேர்தல் வந்துவிடும், தள்ளுபடி முடிந்துவிடும், குண்டு வெடித்துவிடும். ஆகவே அதன் பொருளில் உதிர்ந்துபோனவை இரண்டு. ஒன்று நிறுத்தம், மற்றது பூஜ்யத்துக்குப் பிந்தைய எண்ணிக்கை.

கூடலூரான்:

இணைய வணிகத் தளங்களுக்கு முகப்பு வடிவமைப்பது என் தொழில். நீங்கள் பேசும் நிற்காத கவுன்ட்டவுனை நான் என் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர் தம் விற்பனைப் பக்கத்தில் கவுன்ட்டவுன் கடிகாரம் வைக்கச் சொன்னார். சலுகை எப்போது முடிகிறது என்று கேட்டேன். முடிவது இல்லை என்றார். யார் எப்போது பக்கத்தைத் திறந்தாலும் பதினைந்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்க வேண்டும். மறுபடி திறந்தால் மறுபடி பதினைந்து நிமிடம். அப்போது எனக்கு வேலை தேவைப்பட்டது, செய்து கொடுத்தேன். அடுத்த வாரமே என் அத்தை அதே பக்கத்தில் அவசர அவசரமாக ஒரு பொருளை வாங்கிவிட்டு, நல்ல வேளை, இரண்டு நிமிடம் இருக்கும்போதே பணம் கட்டிவிட்டேன் என்று என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு அந்த வகை வேலையை ஏற்பதில்லை.

இப்போது இதைச் சட்டமும் கவனித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வடிவமைப்பு முறைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் முதலாவது பொய்யான அவசரத்தை உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு ஆணையிலேயே, மிகக் குறுகிய காலத்துக்கு மட்டும் கிடைக்கும் என்று பொய் சொல்லி உடனே வாங்கத் தூண்டுவது தடைசெய்யப்பட்ட செயல்களுள் ஒன்று.

இந்த இழையைப் படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். ஏவுதளத்தில் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு வேலைப்பட்டியல் இருக்கிறது. நான் செய்த கடிகாரத்துக்குப் பின்னால் எதுவுமே இல்லை. எண்கள் இறங்குவதைக் கண்டதும், உண்மையில் ஏதோ நெருங்குகிறது என்று என் அத்தை நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்கு ஏவுதளத்துக் காட்சிகளிலிருந்து வந்ததுதான். நாங்கள் அதை எடுத்துக் கடையில் வைத்துவிட்டோம்.

வகுப்பறை:

கூடலூரான் தம்பி, இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இனியாவது அத்தையிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்பட மாட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த முறை கவனமாக இருப்பார்.

நாட்குறிப்பு:

பொதுமொழியின் கவுன்ட்டவுன் ஒருபோதும் நிற்பதில்லை என்ற கருத்துக்கு எதிரான சான்றுகளையும் தேடிப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது, ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அமெரிக்க அணு விஞ்ஞானிகளின் இதழ் ஒன்று 1947 முதல் பேரழிவுக் கடிகாரம் என்ற உருவகத்தைப் பயன்படுத்தி வருகிறது. நள்ளிரவு என்பது உலக அழிவு. தொடங்கும்போது நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் இருந்தது. 1991இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அதைப் பதினேழு நிமிடத்துக்குப் பின்னால் நகர்த்தினார்கள். 2023இல் அது 90 விநாடிக்கு வந்தது. செய்திகளில் இதையும் கவுன்ட்டவுன் என்று சொல்வதுண்டு. இந்தக் கடிகாரம் நிற்கிறது, பின்னால்கூடப் போகிறது. அதை நகர்த்துவது காலம் அன்று. மனிதர்கள் கூடி ஆராய்ந்து எடுக்கும் முடிவு. அந்த வகையில் இது ஏவுதளத்தின் கவுன்ட்டவுனுக்கு மிக நெருங்கிய உறவு.

மறுபுறம், இறங்கவே இறங்காத ஒன்றையும் ஆங்கிலம் கவுன்ட்டவுன் என்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களுக்கான அட்வென்ட் நாட்காட்டியைப் பாருங்கள். ஜெர்மானியக் கிறிஸ்தவ வீடுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிய வழக்கம் அது. சிறு கதவுகளில் 1 முதல் 24 வரை எண்கள் இருக்கும். நாளுக்கு ஒன்றாகக் குழந்தைகள் திறப்பார்கள். எண்கள் ஏறுகின்றன. ஆயினும் ஆங்கில விளம்பரங்கள் அதைக் கிறிஸ்துமஸ் கவுன்ட்டவுன் என்றே அழைக்கின்றன. ஆக, சொல்லில் வெளிப்படையாக இருக்கும் ‘கீழ்நோக்கி’ என்ற பொருளும் தேய்ந்து, ‘எதிர்பார்த்து எண்ணுதல்’ மட்டுமே எஞ்சிவிட்டது.

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் புத்தாண்டு இரவில் ஒளிப்பந்தை இறக்கும் வழக்கமும் 1907 டிசம்பர் 31 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் கூட்டம் முழுதும் பத்திலிருந்து உரக்க எண்ணுவது ராக்கெட் காலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த பழக்கம்.

பாலைத்திணை:

தாமதமாக வருகிறேன்; பொறுத்தருள்க. நான் சொல்ல வருவது தமிழ் பற்றியது.

வகுப்பறை அம்மா சொன்ன அந்த மாணவர் நினைத்ததுபோல, நம்மிடமும் நாள் எண்ணும் வழக்கு இருக்கிறது. “அவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்” என்றால் மரணப்படுக்கையில் இருக்கிறார் என்று பொருள். அதே தொடரைப் புதுமணப் பெண்ணைப் பற்றிச் சொன்னால் ஆவலோடு காத்திருக்கிறாள் என்று பொருள். ஆனால் இரண்டிலும் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று நாம் சொல்வதில்லை. பழைய இலக்கியத்தில் பிரிந்துபோன தலைவனுக்காகத் தலைவி சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணும்போது, அவள் எண்ணுவது அவன் சென்ற நாட்களை. வர வேண்டிய நாட்களை அன்று. கோடுகள் கூடிக்கொண்டே போகும். அவன் எப்போது வருவான் என்று தெரிந்தால்தானே இறங்குமுகமாக எண்ண முடியும்? முடிவு தேதி உறுதியாகத் தெரிந்த சமூகத்தின் சொல் கவுன்ட்டவுன். அதனால்தான் அதற்கு ஈடான சொல் நம் வழக்கில் முளைக்கவில்லை என்று நான் கருதுகிறேன். செய்தித்தாள்களும் ‘கவுன்ட்டவுன்’ என்றே எழுதிவிடுகின்றன.

மணற்கடிகையின் மெய்ப்பருக்கு ஒரு சான்றைக் காட்டலாம். 2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-2 கிளம்புவதாக இருந்தது. 56 நிமிடம் 24 விநாடி மீதமிருக்கையில் கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். நானும் என் பிள்ளைகளும் தூங்காமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். ‘கவுன்ட்டவுன் நின்றுவிட்டது’ என்றுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்தத் தொடர் எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்கு அது கிளம்பியது.

மணற்கடிகை:

சந்திரயான் சான்று எனக்கு மிகவும் உதவும். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் ஐந்து விநாடி மீதமிருக்கையில் நின்று, பிறகு அன்று காலை பத்து மணிக்கே பறந்ததையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த நிறுத்தங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, கவுன்ட்டவுனின் மிக மேன்மையான பகுதி அதை நிறுத்தும் உரிமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றாட ஆங்கிலம் அதை இழந்தது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

ஏவுதள நோக்கர்:

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நிறுத்தம் என்றாலே பாதுகாப்பு என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நாட்களை நினைவில் வையுங்கள்.

1967 ஜனவரி 27. அப்பல்லோ 1 வீரர்களான கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் கேப் கென்னடியின் 34ஆம் ஏவுதளத்தில் ஒத்திகைக் கவுன்ட்டவுனில் இருந்தார்கள். ராக்கெட்டில் எரிபொருள் இல்லை. ஆதலால் அதை அபாயமான சோதனை என்று யாரும் வகைப்படுத்தவில்லை. பேச்சுத் தொடர்பில் கோளாறு ஏற்பட்டதால், டி-மைனஸ் பத்து நிமிடத்தில் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நிறுத்தத்தின்போதே, மாலை 6.31 மணிக்கு, தூய ஆக்சிஜன் நிரம்பிய கலத்துக்குள் தீப்பிடித்தது. கதவு உள்நோக்கித் திறக்கும் அமைப்பு. மூவராலும் வெளியே வர முடியவில்லை. கடிகாரம் நின்றிருந்தது, ஆபத்து நிற்கவில்லை.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட வேண்டிய நாள். ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கியதால் இரண்டு மணி நேரம் தாமதித்தார்கள். பனிக்கட்டியைப் பார்வையிட்டார்கள், காத்திருந்தார்கள், போகலாம் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் திட எரிபொருள் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகி, மூட்டை அடைக்கத் தவறலாம் என்று அவற்றைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடியிருந்தார்கள். அந்த ‘வேண்டாம்’ காலையில் ஏவுதல் முடிவெடுத்த மேலிடத்தவரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. 11.38க்குக் கிளம்பிய ஓடம் 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். கவுன்ட்டவுனில் நிறுத்தங்கள் இருந்தன. நிறுத்தியிருக்க வேண்டிய காரணம் உரியவர்களைச் சென்றடையவில்லை.

எனவே ஏவுதளத்திலும் நிறுத்தம் என்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. அந்த நேரத்தில் யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மணற்கடிகை:

இதை எழுதியதற்கு நன்றி. ‘நிறுத்தும் உரிமை’ பற்றி முன்னுரைக் குறிப்பில் எழுத நினைத்திருந்த பத்தியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக டி-மைனஸ், எல்-மைனஸ் வேறுபாட்டை மட்டும் மூன்று வரிகளில் விளக்குகிறேன்.

இந்த இழையின் முதல் நான்கு மறுமொழிகளை அச்செடுத்து மெய்ப்பு நண்பரிடம் கொடுத்தேன். அவர் முழுதும் படித்தார். தேர்தல் செய்திகளைப் படித்துப் பழகிய கண்ணால் அந்த வரியைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பிறகு எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார்: ‘நின்றிருந்தது’ என்றால் கோளாறால் நின்றது என்று வாசகர் நினைக்க மாட்டாரா? அவர் கேட்டதும் சரிதான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி முடித்த வடிவம் இது:

“கவுன்ட்டவுனை வழக்கம்போல ஒன்பதாவது நிமிடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கடிகாரத்தில் அந்த எண் அசையாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அதே ஒன்பது நிமிடம்தான்.”